வாசகர் கேள்வி-பதில்: போனில் வரும் செய்தியை எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி: இரண்டு நாள் அடைமழை பெய்தால் போதும், "உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்தாச்சு, உடனே வெளிக்கிடுங்க" என்று காணொளி வந்துவிடுகிறது. சிலவேளை அது உண்மை, சிலவேளை பழையது. மாடுகளை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோவதா, பொறுத்திருப்பதா என்று தெரியாமல் ஒவ்வொரு மாரியும் தவிக்கிறோம். (வாசகர், வவுணதீவு)

பதில்: முதலில் ஒரு வேறுபாடு. வான்கதவு திறப்பதும் குளக்கட்டு உடைப்பதும் ஒன்றல்ல. நீர்மட்டம் ஏறும்போது கட்டைக் காப்பாற்றத்தான் கதவைத் திறக்கிறார்கள். வதந்தி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. "கதவு திறந்தது" என்ற உண்மைச் செய்தி நான்கு குழுக்களைத் தாண்டும்போது "குளம் உடைந்தது" ஆகிவிடுகிறது. ஆகவே எந்தச் செய்தி வந்தாலும் நான்கு விடயங்களைத் தேடுங்கள்: எத்தனை கதவு, எத்தனை அங்குலம் அல்லது அடி, எத்தனை மணிக்கு, யார் அறிவித்தது. இந்த நான்கில் ஒன்றுமே இல்லாமல் "உடனே வெளிக்கிடுங்க" மட்டும் இருந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

அடுத்தது காணொளி. அதை ஒருமுறை சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு படத்தைப் பாராமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பழைய படத்துக்குப் புதுக்குரல் போட்டிருந்தால் இதிலேயே பிடிபடும். குரல் "இன்று காலை" என்கிறது, ஆனால் படத்தில் நிற்கும் எவரும் வாய் திறப்பதில்லை, தண்ணீர் இரைச்சலும் இல்லை, பின்னால் இசை ஓடுகிறது என்றால் திகதியைச் சொல்வது குரல் மட்டுமே, படம் அல்ல.

படத்தில் வயல் தெரிந்தால் உங்களை விடச் சிறந்த ஆய்வாளர் வேறு எவரும் இல்லை. மாரி வேளாண்மை ஐப்பசியில் விதைத்து தையிலும் மாசியிலும் வெட்டுவது. கார்த்திகை நடுப்பகுதிக் காணொளி என்று வருவதில் வேளாண்மை பழுத்துச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் அது இம்மாதத்து வெள்ளமாக இருக்காது. 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களும் பெருவெள்ளத்தில் மூழ்கின. அந்த நாட்களின் படங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன.

பிறகு கூகுள் லென்ஸ், அதாவது படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடும் வசதி. காணொளியை நிறுத்தி மூன்று இடங்களில் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கதவோ பெயர்ப்பலகையோ தெரியும் இடமும், அகலமாகக் காட்டும் இடமும் கட்டாயம் இருக்கட்டும். மேலே ஒட்டியிருக்கும் எழுத்துப் பட்டையையும் சின்னத்தையும் வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் லென்ஸ் குளத்தை விட்டுவிட்டு அந்தச் சின்னத்தைத் தேடிப் போகும். பலகையில் எழுத்து இடவலம் மாறியிருந்தால் யாரோ படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நேராக்கிவிட்டுத் தேடுங்கள். பழைய ஆண்டுத் திகதியோடு அதே காட்சி வந்தால் சோலி முடிந்தது. ஒன்றும் வராவிட்டால் அது புதியது என்று எண்ணிவிடாதீர்கள். தேடுபொறிக்குள் அகப்படாத பழைய காணொளிகளும் நிறைய உண்டு.

இவ்வளவுக்கும் அரை மணித்தியாலம் ஆகலாம். வெள்ளம் அதுவரை காத்திருக்காது. அதனால் மழைக்கு முன்னரே கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், உங்கள் வயற்கண்டத்துக்குப் பொறுப்பான வட்டவிதானை ஆகியோரின் இலக்கங்களைப் போனில் பதிந்து வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. இரவில் தாழ்ந்த நிலத்தில் இருப்பவர் சந்தேகத்தோடு மேட்டுக்குப் போவதில் தவறில்லை. மாடுகளையும் அவிழ்த்துவிடுங்கள். அந்தச் சந்தேகத்தை உண்மைபோல இருநூறு பேருக்கு அனுப்புவதுதான் தவறு.

கேள்வி: வாப்பா தொழுகை நேரம் போக மீதி நேரமெல்லாம் யூடியூபில் ஓர் அரசியல் ஆய்வாளரையே கேட்கிறார். அவர் வெளிநாட்டில் இருந்து பேசுபவர். அவர் சொல்வதை வாப்பா செய்தி என்றே நம்புகிறார். எதிர்த்துச் சொன்னால் கோபிக்கிறார். (வாசகி, நிந்தவூர்)

பதில்: எதிர்த்துச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் அவரோடு சேர்ந்து இருந்து ஒரு காணொளியை முழுதாகப் பாருங்கள். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் "யார் சொன்னது, எங்கே இருக்கிறது" என்று மூலம் காட்டிய தகவல்களை மட்டும் எழுதுங்கள். "சொல்லப்படுகிறது", "நம்பகமான வட்டாரங்கள்", "நடக்கப்போவது என்னவென்றால்" என்று வருவதெல்லாம் வலப்பக்கம். முடிவில் தாளை வாப்பாவிடமே கொடுங்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை.

அந்தக் காணொளி ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கும் காரணம் உண்டு. 8 நிமிடத்துக்குக் குறையாத காணொளிக்குத்தான் யூடியூப் நடுவில் விளம்பரம் வைக்க விடுகிறது. 2020 ஜூலை வரை இந்த எல்லை 10 நிமிடமாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தி ஒன்பது நிமிடம் இழுபடுவதும், தலைப்பில் கேட்ட கேள்விக்குக் கடைசியில்கூடப் பதில் இல்லாமல் போவதும் இதனால்தான். ஆய்வாளர் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அவருடைய வருமானம் நீங்கள் எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறீர்கள் என்பதில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு பொறி: மூன்று பேர் ஒரே விடயத்தைச் சொன்னால் மூன்று சாட்சி என்று மனம் நம்பிவிடுகிறது. பல நேரங்களில் இரண்டாமவர் முதலாமவரைக் கேட்டுச் சொல்கிறார், மூன்றாமவர் இருவரையும் கேட்டுச் சொல்கிறார். தலைப்புக்குக் கீழே தொட்டால் பதிவேற்றிய திகதி தெரியும். மூன்றில் எது முந்தியது என்று பார்த்து, அது எதை ஆதாரமாகக் காட்டுகிறது என்று தேடுங்கள். ஒரு செய்தித்தாள் அறிக்கையில் போய் முடிந்தால் அந்த அறிக்கையையே வாசியுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பேச்சு என்று முப்பது வினாடித் துண்டு வந்தால் நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சாட் என்ற உரைப்பதிவு இருக்கிறது. அதில் பேச்சு பேசிய மொழியிலேயே முழுதாக இருக்கும். வெட்டிய துண்டுக்கு முன்னும் பின்னும் என்ன சொன்னார் என்று பார்த்தால் பாதி விவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

நல்ல ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆவணத்தை முழுதாகக் காட்டுவார்கள், இணைப்பைக் கீழே தருவார்கள், பிழைவிட்டால் அடுத்த காணொளியில் அதைச் சொல்வார்கள். அப்படிப்பட்டவரைக் கேளுங்கள். ஆனால் அவரும் சம்பவ இடத்தில் நின்றவர் அல்ல. கொழும்பு அரசியலை அவர் நன்றாக அறிந்திருக்கலாம், நேற்று மாலை கல்முனைச் சந்தியில் நடந்தது அவருக்கும் யாரோ சொன்னதுதான்.

வாப்பாவின் போனில் அதே ஆள் திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கலாம். காணொளிக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு "இந்தச் சனலைப் பரிந்துரைக்காதே" என்று கொடுங்கள். அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

கேள்வி: நாளை மாலை 4 மணிக்குச் சுனாமி என்று குரல் பதிவு வந்தது. அம்மா பத்திரங்களை எல்லாம் பையில் கட்டிவிட்டார். (வாசகர், திருக்கோவில்)

பதில்: நிலநடுக்கம் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் முறை உலகில் எவரிடமும் இல்லை. ஆகவே நேரம் குறித்து வரும் எந்தச் சுனாமிச் செய்தியும் பொய். இதற்கு லென்ஸும் தேவையில்லை. நிலநடுக்கம் நடந்த பிறகு வரும் எச்சரிக்கை வேறு. 2004 டிசம்பர் 26 இல் சுமாத்திராக் கரையிலிருந்து அலை நமது கரைக்கு வர ஒன்றரை தொடக்கம் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. 2012 ஏப்ரல் 11 இல் அதே பக்கத்தில் 8.6 அளவில் நடுக்கம் ஏற்பட்டு எச்சரிக்கை விடப்பட்டது. சனங்கள் உள்ளே போனார்கள், பிறகு எச்சரிக்கை நீக்கப்பட்டது. அதை "பொய் எச்சரிக்கை" என்று சொல்லக்கூடாது, நடைமுறை அப்படித்தான் இயங்க வேண்டும். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்குவதைக் கண்ணால் கண்டால் போனைப் பாராமல் மேட்டுக்கு ஓடுங்கள். மற்ற நேரங்களில் 117. பத்திரங்களைப் பையில் கட்டி வைத்தது நல்ல பழக்கம், அது அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: காணொளி போலி இல்லை, வெட்டு ஒட்டும் இல்லை என்று உறுதியானால் பகிரலாம்தானே? (ஆசிரியர், சம்மாந்துறை)

பதில்: இல்லை. இதற்கு அம்பாறையே சாட்சி. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டில் ஒரு கட்டி இருந்தது. அது மலடாக்கும் மாத்திரை என்று கூட்டம் கூடியது. சிங்களம் சரிவரத் தெரியாத அந்த மனிதரைச் சூழ்ந்து நின்று கேள்வி கேட்டார்கள். அவர் தடுமாறிச் சொன்ன பதில் போனில் பதிவாகி, "ஒப்புக்கொண்டுவிட்டார்" என்று முகநூலில் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த கிழமை திகனையிலும் கண்டி மாவட்டத்தின் மற்ற இடங்களிலும் வன்முறை வெடித்தது. மார்ச் 7 இல் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அந்தக் கட்டி மாவு. அப்படி நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று இல்லவும் இல்லை. இலங்கையில் தனது தளம் தவறாகப் பயன்பட்டதற்கு 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அந்தக் காணொளியில் இருந்த முகம் மெய், குரல் மெய், இடமும் மெய். அதற்கு வைத்த பொருள்தான் பொய். ஆகவே தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று யாரையாவது குற்றவாளியாக நிறுத்தும் காணொளி வந்தால் போலியா என்று மட்டும் தேடாதீர்கள். கேள்வி கேட்பவர் யார், எந்த மொழியில் கேட்கிறார், பதில் சொல்பவருக்கு அந்த மொழி தெரியுமா, சட்டகத்துக்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள், காணொளி எந்த இடத்தில் வெட்டப்பட்டுத் தொடங்குகிறது என்று பாருங்கள். மேல் வகுப்பு மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். உயிர்போகும் விடயம் இது.

கேள்வி: பத்திரிகையின் சின்னத்தோடு படமாக வரும் செய்தியை நம்பலாமா? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: சின்னம் ஒட்ட இரண்டு நிமிடம் போதும். அந்தப் பத்திரிகையின் சொந்த இணையத்தளத்தில் அதே செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். பரீட்சைப் பெறுபேறு என்றால் பரீட்சைத் திணைக்களத்தின் தொலைபேசி இலக்கம் 1911. வர்த்தமானி என்றால் இலக்கமும் திகதியும் இருக்க வேண்டும். அவற்றைக் கொண்டு அரச அச்சகத் திணைக்களத் தளத்தில் தேடலாம்.

கேள்வி: நான் ஊருக்காக ஒரு முகநூல் பக்கம் நடத்துகிறேன். வெள்ள நேரத்தில் எப்படிப் பதிவிடுவது? (வாழைச்சேனை)

பதில்: பதிவு தொடங்கும்போதே வாயால் சொல்லுங்கள்: இன்று என்ன திகதி, எத்தனை மணி, எந்த இடம். "கிரான் புலிபாய்ந்தகல் வீதி, காலை 7.20" என்றால் போதும். அந்தக் குரல் காணொளியோடேயே போவதால் அடுத்த ஆண்டு எவரும் அதைப் புதியது என்று பரப்புவது கடினம். பத்து வினாடி போனை அசைக்காமல் அகலமாகக் காட்டுங்கள், தெரிந்த கட்டடம் ஒன்று உள்ளே வரட்டும். தண்ணீர் ஆழத்தை "பயங்கரம்" என்று சொல்லாமல் சைக்கிள் சில்லின் பாதி, முழங்கால் என்று சொல்லுங்கள். விபத்தில் இறந்தவரின் பெயரைக் குடும்பத்துக்குத் தெரியுமுன் போடாதீர்கள். பிழைவிட்டால் பதிவைச் சத்தமில்லாமல் அழிக்காமல் முதல் வரியில் "திருத்தம்" என்று எழுதுங்கள். பொய்யான கூற்றுகள் பற்றி 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் உண்டு. அதன்மீது கடும் விமர்சனங்கள் இருந்தாலும் பக்கம் நடத்துபவர் அதை ஒருமுறை வாசித்திருக்க வேண்டும்.

கேள்வி: பொய்ச் செய்தியை அனுப்பிவிட்டேன். இப்போது என்ன செய்வது? (கல்லாறு)

பதில்: வட்ஸ்அப்பில் அனுப்பி ஏறத்தாழ இரண்டு நாளுக்குள் என்றால் "எல்லோருக்கும் அழி" என்பதைக் கொடுக்கலாம். குழு நிர்வாகியிடமும் கேளுங்கள், அவராலும் அழிக்க முடியும். ஆனால் அதற்கிடையில் வேறு குழுக்களுக்குப் போனது அழியாது. ஆகவே அதே குழுவில் "நான் காலையில் அனுப்பியது பிழை, சரியானது இது" என்று எழுதுங்கள். பொய்யான படத்தை மறுபடியும் இணைக்காதீர்கள், அது திரும்பவும் பயணம் போகும். செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். யாராவது படியெடுத்துப் புதிதாக ஒட்டினால் அந்த அம்புக்குறி மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவருக்குத் தனியாக, குழுவில் அல்ல.