கொழும்பில் இருந்தபடி வெளிநாட்டு நூதனசாலைகளின் சேகரிப்புகளையும் கண்காட்சிகளையும் இணையத்தில் எப்படி ஒழுங்காகப் பார்ப்பது?

கேட்டவரின் நிலைமை இதுதான்: மகள் உயர்தரத்தில் சித்திரம் எடுத்திருக்கிறாள். வெளிநாட்டு நூதனசாலைகளின் வெர்ச்சுவல் டூர் சிலவற்றைத் திறந்து, மண்டபம் மண்டபமாக அம்புக்குறியை அழுத்தி அலுத்துப்போனதுதான் மிச்சம். ஓவியத்துக்குக் கிட்டப் போனால் எல்லாம் மங்கல். வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் அந்த டூரை மூடிவிடுங்கள். அது கட்டடத்தைக் காட்டச் செய்தது. மண்டபத்தின் நடுவில் கமெராவை வைத்துச் சுற்றிவர எடுத்த படத்தில், சுவரிலுள்ள ஓர் ஓவியத்துக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சப் பிக்சல்தான். எவ்வளவு பெரிதாக்கினாலும் படத்தில் இல்லாதது வரப்போவதில்லை. அதே நூதனசாலைகளின் தளங்களில் ‘கலெக்ஷன்’ என்று தனிப் பகுதி இருக்கும். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம், ஒரு பதிவிலக்கம், அதற்கென்றே ஒளியமைத்து எடுத்த படங்கள் இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

உள்ளே போனதும் எல்லோரும் செய்வது, தேடல் பெட்டியில் ‘ஸ்ரீலங்கா’ என்று அடிப்பது. ஆயிரக்கணக்கில் நாணயமும் உடைந்த மட்பாண்டமும் வந்து குவியும். பாதிக்குப் படமே இருக்காது. அதைவிட, தெரிந்த ஒரு பொருளின் இலக்கத்தோடு நுழைவதுதான் நல்லது. லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கும், தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலையை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில் கிடைத்தது, 8ஆம் நூற்றாண்டு அளவில் வார்க்கப்பட்டது, பொன்முலாம் பூசிய வெண்கலம். அதன் இலக்கம் 1830,0612.4. இதை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: 1830ஆம் ஆண்டு, ஆறாம் மாதம் 12ஆந் திகதிப் பதிவு, அதில் 4ஆவது பொருள். அது நூதனசாலைக்குள் வந்த காலம் மட்டுமே. செய்த காலத்தையோ நாட்டைவிட்டுப் போன காலத்தையோ அது சொல்லாது. கொடுத்தவர் ஆளுநர் பிரவுன்றிக். அவர் 1820இலேயே இலங்கையை விட்டுப் போய்விட்டார். இடையிலுள்ள பத்து வருடம் இலக்கத்தில் தெரியாது. கொடுத்தவர் யார், எங்கே கிடைத்தது என்ற வரிகளை அந்தப் பக்கத்தில் கீழே இறங்கி வாசிக்க வேண்டும்.

இலக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. பழைய புத்தகங்கள் இதே சிலையை 1830.6-12.4 என்று குறிக்கும். அப்படியே தட்டினால் தேடல் கையை விரிக்கலாம். ஆண்டுக்குப் பின் காற்புள்ளி, மாதமும் நாளும் இடைவெளியில்லாமல் இரண்டிரண்டு இலக்கம், பிறகு புள்ளி, பிறகு வரிசை எண் என்று மாற்றி எழுத வேண்டும். ஆறாம் மாதத்துக்கு 06. அந்தப் பூச்சியத்தை விட்டுவிட்டால் சரிவராது.

கடைசிப் புள்ளிக்கு முந்திய பகுதியை மட்டும் கொடுத்துத் தேடினால், ஒன்றாக உள்ளே வந்த கூட்டம் வெளிப்படும். 1880,0709 என்று தேடிப் பாருங்கள்: ஆந்திராவின் அமராவதிப் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் செதுக்கல்கள் வரிசையாக வரும். எந்த நூதனசாலையின் அறிமுகப் பக்கத்தையும்விட இந்த வழியில் கற்றுக்கொள்வது அதிகம். நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையிலும் இதே சூத்திரம்தான், எழுதும் முறை மட்டும் வேறு. அங்குள்ள சோழர்காலப் பார்வதி 57.51.3, முதல் எண் 1957ஐக் குறிக்கும், நடு எண் அந்த ஆண்டில் வந்த தொகுதியை, கடைசி எண் தொகுதிக்குள் இருக்கும் இடத்தை. பிற்காலத்தில் ஆண்டை முழுதாக எழுதத் தொடங்கினார்கள்: அங்குள்ள நடராஜர் 1987.80.1.

அடுத்தது பெயர்ச் சிக்கல். பொருள் உள்ளே வந்த காலத்தில் எழுதிய பெயரே பல பதிவுகளில் இன்னும் இருக்கிறது. ஆகவே சிலோன் என்றும் தேடுங்கள். ஒல்லாந்தர் சேகரிப்பென்றால் சிலோன் கட்டாயம். தஞ்சாவூருக்கு ஆங்கிலேயர் எழுதிய பழைய எழுத்துக்கூட்டலான டான்ஜோர், தமிழ்நாட்டுக்குப் பதில் மட்ராஸ், சிவன் என்பதை எச் சேர்த்தும் சேர்க்காமலும் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். தமிழில் அடித்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது.

எதை எந்த நூதனசாலையில் தேடுவது என்பதும் முக்கியம். பாரிஸ் லூவரின் சேகரிப்புத் தளம் 2021 மார்ச்சில் திறக்கப்பட்டது. நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள். ஆனால் அதில் நடராஜரைத் தேடி மினக்கெட வேண்டாம். லூவரின் ஆசியச் சேகரிப்பு 1945இலேயே, பாரிஸிலேயே உள்ள ஆசியக் கலைக்கான கிமே நூதனசாலைக்கு மாற்றப்பட்டுவிட்டது. லூவரின் பதிவுகள் பிரெஞ்சில் இருப்பதால் தேடுசொல்லையும் பிரெஞ்சில் கொடுங்கள். வந்த பக்கத்தை உலாவியின் மொழிபெயர்ப்பில் வாசித்தால் போதும்.

கொழும்புக்காரர் ஒரே ஒரு தளத்துக்குத்தான் நேரம் ஒதுக்க முடியுமென்றால் அது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம். காரணம் நம்முடைய ஒல்லாந்தர் காலம் அங்கே கிடக்கிறது. என்ஜி-1996-6 என்ற இலக்கத்தில் எசாயாஸ் பூர்ஸ் என்பவரின் சித்திரப் புத்தகம் இருக்கிறது. 1662ஆம் ஆண்டு, இலங்கையில் கண்ட மனிதர்களை, அவர்களின் உடையை, வேலையை எளிய கோடுகளில் பிடித்தது. கோவில் வெண்கலத்தை வரைந்து பழகுவதற்கு முன் இந்தப் புத்தகத்தைப் பார்த்து வரைவது நல்ல பயிற்சி: உருவத்தைச் சில கோட்டிலேயே நிறுத்தியிருப்பார், நிழலைக் குறைவாகத்தான் நம்புவார். யான் பிரண்டஸ் என்ற லூத்தரன் போதகர் 1785, 1786இல் இங்கே வந்து தீட்டிய நீர்வர்ணங்களும் அங்கேதான். தேடும்போது இலக்கத்தை ஆங்கில எழுத்தில், நடுக்கோடுகளோடு கொடுக்க வேண்டும்.

கண்டிப் பிரதானி லெவுகே திசாவையின் பீரங்கியும் அங்கேதான் இருந்தது, என்ஜி-என்எம்-1015. வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்த அந்தப் பீரங்கி 1765இல் கண்டியிலிருந்து கொண்டுபோகப்பட்டது. 2023 டிசம்பரில் மற்ற ஐந்து பொருட்களோடு திரும்பி வந்து, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. எனவே இதற்கு முறை தலைகீழ்: முதலில் வீட்டில் படங்களைப் பெரிதாக்கி, குழலிலுள்ள சூரியனும் பிறைநிலவும் சிங்கமும் எங்கெங்கே என்று குறித்துக்கொண்டு, பிறகு கொழும்பு 7க்குப் போய் நேரில் நில்லுங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று தேடும் நேரம் மிச்சம்.

ஓவியத்தைக் கிட்டப் பார்ப்பது என்றால் என்ன என்று மகளுக்குக் காட்ட, ரைக்ஸ்மியூசியத் தளத்திலேயே ரெம்பிராண்டின் ‘நைட் வாச்’, எஸ்கே-சி-5. 2022 ஜனவரியில் 8,439 படங்களை ஒன்றிணைத்து வெளியிட்ட பிரதி 717 கிகாபிக்சல், அதாவது 71,700 கோடி பிக்சல். இரண்டு பிக்சல்களுக்கு இடையே 5 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றருக்குள் 200 பிக்சல். அதைத் திறந்ததும் முகங்களுக்குப் போகாமல், முன்னால் நடக்கும் இருவரில் மஞ்சள் உடைக்காரரின் வயிற்றுப் பகுதிக்குப் போங்கள். பக்கத்தில் நிற்கும் தளபதி நீட்டிய கையின் நிழல் அந்த மஞ்சளில் விழுந்திருக்கும். நிழலின் விளிம்புக்கு அருகே சட்டைக்கரையில் ஒரு குட்டிச் சிங்கம், ஆம்ஸ்டர்டாமின் மூன்று சிலுவைச் சின்னத்தைப் பிடித்தபடி. இன்னும் பெரிதாக்கினால் சிங்கம் கரைந்து தடித்த வர்ணக் கட்டிகளாகிவிடும். அந்தக் கட்டிகளின் மேட்டில்தான் வெளிச்சம் பட்டு, தூரத்தில் பொன்னூலாகத் தெரிகிறது. சரிகை வரைய நூல் நூலாக இழுக்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் போதும், விளக்கம் தேவைப்படாது.

டேட்டா தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இத்தகைய படம் சிறு சிறு சதுரத் துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். திரையில் தெரியும் துண்டுகள் மட்டுமே இறங்கும். அங்குமிங்கும் வேகமாக இழுத்து, உள்ளே வெளியே போய்க்கொண்டிருந்தால்தான் செலவு. ஓரிடத்தில் நின்று, மங்கலாக இருப்பது தெளியும்வரை பொறுங்கள். மலிவான போன் இதில் இறுகிப்போவதுண்டு. அப்போது மற்ற டாப்களை மூடிவிட்டுப் பக்கத்தை மீளத் திறந்தால் சரி. போனின் இரவு நேர மஞ்சள் வடிகட்டியையும் நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்போது வர்ணத்தைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை.

அளவை மறக்கக்கூடாது. திரையில் மோதிரமும் கோபுரமும் ஒரே உயரம். ரைக்ஸ்மியூசியத்து நடராஜர், ஏகே-எம்ஏகே-187, 153 சென்ரிமீற்றர், உள்ளே வெற்றிடமில்லாமல் கெட்டியாக வார்த்தது, ஏறக்குறைய 300 கிலோ. தாரா 143 சென்ரிமீற்றர். அளவுநாடாவை எடுத்துச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். உயிரளவுக்குக் கிட்டிய சிலை என்பது அப்போதுதான் உறைக்கும்.

கண்காட்சிகள் விடயத்தில் நடப்புக் கண்காட்சிப் பக்கங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பெரும்பாலும் நுழைவுச்சீட்டு விளம்பரம். முடிந்த கண்காட்சிகளின் பகுதிதான் களஞ்சியம். மெற்றோபொலிற்றனில் பழைய கண்காட்சிப் பக்கங்கள் பலவற்றில் பொருட்பட்டியல் இருக்கும். மெட்பப்ளிகேஷன்ஸ் என்ற பகுதியில் பழைய கண்காட்சி நூல்கள் ஏராளமாக முழுதாகவே பிடிஎஃப்பாக, காசில்லாமல் கிடைக்கும். இலங்கைக் கலைக்கு, லொஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி நூதனசாலை 2018 டிசம்பரில் தொடங்கிய ‘த ஜுவெல்ட் ஐல்’ கண்காட்சியைத் தேடுங்கள். இரவல் வாங்கிக் காட்டிய பொருட்களின் படங்கள் கண்காட்சி முடிந்ததும் எடுக்கப்பட்டுவிடலாம். உரிமை கடன் கொடுத்தவரிடம் இருப்பதே காரணம். அப்படியானால் பட்டியலிலுள்ள உரிமையாளர் பெயரைப் பிடித்து அவருடைய தளத்தில் தேடலாம், அல்லது அந்தப் பக்க முகவரியை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பழைய பிரதியைத் திறக்கலாம்.

பொருளின் பக்கத்தில் ‘ப்ரொவனன்ஸ்’ என்றொரு பகுதி இருந்தால் கட்டாயம் வாசியுங்கள். கைமாறிய வரலாறு அது. நம் பகுதிச் சிலைகளில் 1970க்கு முன் எங்கே இருந்தது என்ற வரி வெறுமையாக இருந்தால் சற்றே நிதானியுங்கள். கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கையின் ஆண்டு அது. அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கிய நடராஜர், தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோனது என்று தெரியவந்து 2014இல் திருப்பிக் கொடுக்கப்பட்டது. களவுபோன சிலையைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு அடையாளம் காண, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய கோயிற் படங்கள் பெரிதும் உதவியிருக்கின்றன.

இனித் தரவிறக்கமும் அச்சும். பலர் படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்திச் சேமிப்பார்கள்; வருவது பக்கத்துக்காகச் சுருக்கிய பிரதி. தரவிறக்க அடையாளத்தைத் தேடி அழுத்துங்கள். சிக்காகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் போன்ற தளங்களில் ஒரு குறுக்குவழியும் உண்டு. அங்குள்ள நாகபட்டினத்துக் கருங்கல் புத்தரை, 1964.556, எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைத் தனி டாபில் திறந்தால் முகவரியின் கடைசிப் பகுதியில் 843 போன்ற ஓர் எண்ணும் அதையொட்டி ஒரு காற்புள்ளியும் இருக்கும். அதுதான் அகலம். உரிமைக்காலம் முடிந்த பொருளென்றால் அந்த எண்ணை 1686 ஆக்கி அழுத்த, பெரிய படம் வரும்.

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிடுங்கள். 843 பிக்சல் படம் 7 சென்ரிமீற்றருக்குத்தான் தாங்கும். ஏ4 முழுத்தாளுக்கு 2480க்கு 3508 வேண்டும். வெள்ளவத்தைக் கொமினிகேஷனுக்கு வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிச் சிறிதாக்கியே அனுப்பும், கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆவணமாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

உரிமை பற்றி: மெற்றோபொலிற்றன், சிக்காகோ, கிளீவ்லண்ட் நூதனசாலைகளில் திறந்த உரிமை என்று குறித்த படங்களை எதற்கும் பாவிக்கலாம். பிரித்தானிய நூதனசாலையின் படங்கள் வணிகமல்லாத பாவனைக்கு மட்டும், பெயரும் குறிப்பிட வேண்டும். மகளின் ஒப்படைக்குத் தாராளமாகப் போதும். ரியூஷன் ஆசிரியர் அதே படத்தைப் போட்டுக் குறிப்புப் புத்தகம் விற்பதென்றால் தனியாக அனுமதி எடுக்க வேண்டும்.