மூன்று பிரேம் முன்னால் நகரும் கண்கள்: கணினி அனிமேஷன் கேள்வி பதில்

கேள்வி: எல்லாவற்றையும் சாப்ட்வேரே செய்துவிடுகிறதே, அனிமேட்டருக்கு என்ன வேலை?

ஒரு பாத்திரம் திரும்பிப் பார்க்கிறது என்று வையுங்கள். தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் நான் கொடுத்தால், இடையில் வரும் தனித்தனிப் படங்களை, அதாவது பிரேம்களை, கணினி நிரப்பிவிடும். ஆனால் தலை கதவு திறப்பது போல ஒரே சீராகத் திரும்பும், உயிர் இருக்காது. நான் கண்களை மட்டும் மூன்று பிரேம் முன்னால் நகர்த்துவேன். பாதி வழியில் ஒரு முறை இமைக்க வைப்பேன். தலையைக் கொஞ்சம் கீழே இறக்கி, வளைவாகக் கொண்டுவருவேன். அவ்வளவுதான், யாரோ கூப்பிட்டுத் திரும்பியது போல ஆகிவிடும். நொடிக்கு 24 பிரேம் ஓடுகிற படத்தில் மூன்று பிரேம் என்பது எட்டில் ஒரு பங்கு நொடி. பயந்து திரும்புகிறவளுக்கும் சலித்துத் திரும்புகிறவளுக்கும் அந்த மூன்று ஒன்றாகிவிடும், ஐந்தாகிவிடும். அந்த முடிவை எடுப்பதுதான் எங்கள் வேலை.

கேள்வி: தொழில்நுட்பத்தைப் பார்த்துக் கதையை மாற்றுவார்களா?

மாற்றுவார்கள், அதில் தவறே இல்லை. முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம் 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி'. அன்றைக்கு எதைச் செய்தாலும் பிளாஸ்டிக் போலத்தான் தெரியும். தோல், முடி, துணி எல்லாமே பெரும்பாடு. பொம்மைகள் நாயகர்களானது அதற்கு அழகாகப் பொருந்தியது. 2001இல் 'மான்ஸ்டர்ஸ், இன்க்.' வந்தபோது சல்லி என்ற அரக்கனின் உடம்பில் சுமார் 23 லட்சம் முடிகள்! கையால் அசைக்க முடியாது. உடம்பை அனிமேட்டர் அசைத்தால், முடி எப்படிப் புரளும் என்பதைக் கணினி கணக்கிட்டது. எனக்கு மிகவும் பிடித்த வேலைப் பங்கீடு இது.

கேள்வி: அப்படியென்றால் நிஜம் போல இருப்பதுதான் இலக்கா?

இல்லை. 2018இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தின் காட்டுக் காட்சியைப் பாருங்கள். அனுபவசாலி ஸ்பைடர்-மேனான பீட்டர் ஒவ்வொரு பிரேமிலும் அசைகிறார். இன்னும் பழகாத புது ஸ்பைடர்-மேன் மைல்ஸ் இரண்டு பிரேமுக்கு ஒருமுறைதான் அசைகிறான். அவனுடைய தடுமாற்றம் வசனமே இல்லாமல் தெரிந்துவிடுகிறது.

கேள்வி: ரெண்டர் ஆக, அதாவது கணினி இறுதிப் படத்தை உருவாக்க, ஏன் இவ்வளவு நேரம்?

ஒளி எங்கெல்லாம் பட்டுத் தெறிக்கிறது என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் கணக்குப் போடுவதால். சாம்பல் நிற உருவத்திலேயே அசைவை முடித்துவிட்டு, அப்புறம் ரெண்டருக்குப் போங்கள்.

கேள்வி: என்னிடம் சாதாரணக் கணினிதான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற அனிமேஷன் சாப்ட்வேர் போதும். 2025இல் ஆஸ்கர் வென்ற 'ஃப்ளோ' படம் அதில்தான் உருவானது. முதலில் ஒரு பந்தைத் துள்ள விடுங்கள். அதே உருண்டையை இரும்புக் குண்டாக விழ வையுங்கள். நிறமும் அளவும் மாறக்கூடாது, பார்க்கிறவருக்கு எடை மட்டும் தெரிய வேண்டும். அது சரியாக வந்தபின் ஒரு மாவு மூட்டையை நடக்க வையுங்கள். முகமே இல்லாத அந்த மூட்டை சோகமாக இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லாமலே புரிந்தால், மனித உருவத்தைத் தொடலாம்.