நேர்காணலுக்கு மைண்ட் மேப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கணக்குப் பிரிவுக்கு அடுத்த வாரம் நேர்காணல். கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் நோட்டில் பதில் எழுதி வைத்திருக்கிறேன். பின்பக்கம் படித்தால் முன்பக்கம் மறந்துபோகிறது. மைண்ட் மேப் போட்டுப் படி என்கிறாள் தோழி. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: மைண்ட் மேப் என்பது நடுவில் தலைப்பை எழுதி, சுற்றிலும் கிளை கிளையாகக் குறிப்புகளை இழுக்கும் படம். முதலில் நோட்டை மூடி வையுங்கள். கிழித்துவிட வேண்டாம், சரிபார்க்க உதவும். ஏ3 தாள் நான்கைந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஏ4 என்றால் மூன்றாவது கிளையிலேயே இடம் தீர்ந்து எழுத்து பொடியாகிவிடும். தாளைப் படுக்கைவசமாக வைத்து, நடுவில் வேலையின் பெயரை எழுதுங்கள்: ‘ஏற்றுமதிக் கணக்கு’. பலரும் நடுவில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். அப்படிப் போட்டால் பள்ளி, கல்லூரி, அனுபவம் என்று பயோடேட்டாதான் வட்டமாக வரும். அது ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது.

அடுத்து, வேலைக்கான விளம்பரத்தையோ மெயிலையோ எடுத்து, அந்த வேலையில் இருப்பவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரும் இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். பில் போடுவது, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ரீகன்சிலியேஷன் (நம் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது), ஏற்றுமதி ஆவணங்கள், டாலி மென்பொருளில் பதிவு – இவைதான் உங்கள் முதன்மைக் கிளைகள். நீல மையில் எழுதுங்கள். ஐந்து போதும், மிஞ்சினால் ஆறு. அதற்கு மேல் போனால், கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எதை விட்டோம் என்று மனம் எண்ணத் தொடங்கிவிடும்.

இனி, ஒவ்வொரு நீலக் கிளையிலும் நீங்கள் கையால் செய்ததைப் பச்சை மையில் எழுதுங்கள். ஒரு கோட்டுக்கு ஒரு சொல் அல்லது ஓர் எண், வாக்கியம் கூடாது. வாக்கியம் எழுதினால் அதை மனப்பாடம் செய்யத் தோன்றும், ஒரு சொல் தவறினாலும் மொத்தப் பதிலும் நின்றுபோகும். சொல் மட்டும் இருந்தால் வாக்கியத்தை அங்கேயே கட்டிக்கொள்வீர்கள்.

ஜிஎஸ்டி கிளையைப் பார்ப்போம். அதில் நான்கு சிறு கிளைகள்: ‘11’, ‘20’, ‘2பி’, ‘வரவில்லை’. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவத்துக்கு 11-ஆம் தேதி, வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி. 2பி என்பது சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து வரும் பட்டியல்; உள்ளீட்டு வரி வரவை (வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதை) அதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். நான்காவதுதான் முக்கியம். சப்ளையரின் பில் நம் பர்ச்சேஸ் பதிவில் இருக்கிறது, 2பி-யில் வரவில்லை. அப்போது யாருக்குப் போன் செய்தீர்கள், அந்த மாதம் வரவை எடுத்தீர்களா, நிறுத்தி வைத்தீர்களா? தேதிகள் யாருக்கும் தெரியும். வேலை செய்தவருக்கு மட்டும் தெரிந்தது இந்த நான்காவது கிளையில் இருக்கிறது.

இப்போது ‘ஏற்றுமதி ஆவணங்கள்’ கிளைக்கு வாருங்கள். உள்ளூர் வியாபாரிகளின் கணக்கே பார்த்திருந்தால் அதில் பச்சை ஒன்றும் வராது, கிளை மொட்டையாக நிற்கும். மேப் போடுவதன் முழுப் பயனும் இதுதான்: பக்கம் பக்கமாக எழுதிய நோட்டு இந்த ஓட்டையைக் காட்டாது. மீதியிருக்கும் நாட்களில் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள். ஷிப்பிங் பில் (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணம்), டியூட்டி டிராபேக் (மூலப்பொருளுக்குக் கட்டிய சுங்க வரியைத் திரும்பப் பெறுவது), வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வந்ததற்கான சான்று, எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் அனுப்புவதற்கும் ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) கட்டி அனுப்பிவிட்டு ரீஃபண்ட் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் – இவற்றைச் சிவப்பில் எழுதுங்கள். சிவப்பு என்றால் படித்தது, செய்ததில்லை. நேர்காணலிலும் அந்த நிறத்தை மறைக்காதீர்கள். ‘படித்திருக்கிறேன், கையாண்டதில்லை’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எதிரே இருப்பவர் ஏற்றுமதிக் கணக்கிலேயே ஊறியவராக இருப்பார். மழுப்பினால் இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் (உலோகத்தை வெட்டி, வெல்டிங் செய்யும்) யூனிட் ஒன்றுக்கு நேர்காணலுக்குப் போனேன். கலர் கலராக மேப் போட்டு, சுவரில் ஒட்டி, தினமும் பார்த்துவிட்டுத்தான் போனேன். கேள்வி கேட்டதும் படம் கண்முன் வந்தது, சொற்கள் வரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி. மேப்பை நம்பலாமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: நம்பலாம், ஆனால் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். பார்க்கப் பார்க்கத் ‘தெரியும்’ என்ற நினைப்புதான் வளரும். நேர்காணலில் வேண்டியது பார்த்து அடையாளம் காண்பதல்ல, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எடுத்துச் சொல்வது. அதை அப்படியேதான் பழக வேண்டும்.

இன்று வரைந்ததை மடித்து அலமாரியில் வையுங்கள். நாளைக் காலை வெற்றுத் தாள் எடுத்து, பத்து நிமிடத்தில் பார்க்காமல் வரையுங்கள். கறுப்பு மை போதும், அழகு வேண்டாம். பிறகு பழையதைப் பிரித்து, விட்டுப்போனதை மட்டும் வேறு நிறத்தில் சேருங்கள். ஒருநாள் விட்டு மறுபடி. மூன்றாம் தடவையும் அதே கிளை விட்டுப்போனால், மறதி மீது பழி போடாதீர்கள், அந்த விஷயம் இன்னும் புரியவில்லை. புத்தகத்துக்குத் திரும்புங்கள். வரைந்து முடித்ததும் ஒவ்வொரு கிளையையும் வாய்விட்டு ஒன்றரை நிமிடம் பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். கையால் வரைய வருவது வாயால் வராது. இரண்டும் தனித்தனிப் பயிற்சி.

உங்கள் துறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. காரணமும் விளைவும் வரிசையாக வரும் விஷயத்தை நட்சத்திரம் போல் பிரித்து வரைந்தால் பாழாகும். ‘7018 ராடை ஏன் ஓவனில் வைக்கிறீர்கள்?’ என்பது வெல்டிங் நேர்காணல்களில் வழக்கமான கேள்வி. 7018 என்பது குறை ஹைட்ரஜன் வகை வெல்டிங் ராடு. 7018 என்று நடுவில் போட்டு ஓவன், ஈரம், ஹைட்ரஜன், விரிசல் என நாலு பக்கமும் இழுத்துவிட்டால் நாலு சொல் கிடைக்கும், பதில் கிடைக்காது. அம்புக்குறி போட்டுச் சங்கிலியாக எழுதுங்கள்: ராடின் பூச்சு ஈரத்தை இழுக்கும் → ஆர்க் (மின்பொறி) சூட்டில் ஈரம் பிரிந்து ஹைட்ரஜன் வரும் → அது வெல்டுக்குள் இறங்கும் → ஆறிய பிறகு, சில சமயம் மணிக்கணக்கில் கழித்து, விரிசல் விடும். சங்கிலியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, அவர்கள் அடுத்துக் கேட்கப்போவதை எழுதுங்கள்: ‘6013-க்கு ஏன் இந்தப் பாடு இல்லை?’ 6013 ரூட்டைல் (டைட்டானியம் தாது) பூச்சு கொண்ட ராடு, குறை ஹைட்ரஜன் வகை அல்ல. அளவுக்கு மீறிக் காயவைத்தால் ஆர்க் நடத்தையே கெடும்.

மைண்ட் மேப்பை 1970-களில் பரப்பிய பிரிட்டிஷ்காரர் டோனி புசான் வளைந்த கோடு, நிறம், படம் எல்லாம் வேண்டும் என்றார். நேர்காணலுக்கு அவ்வளவு தேவையில்லை. படம் போடுவதில் ஒரு மாலை போய்விடுகிறது.

கேள்வி: ஸ்டாஃப் நர்ஸ் நேர்காணலில் ஒரு பதில் சொல்லி முடிப்பதற்குள் ‘சரி, அப்போது பி.பி. இறங்கிவிட்டால்?’ என்று குறுக்கே கேட்கிறார்கள். நான் மேப்பில் வைத்திருந்த வரிசை கலைந்துவிடுகிறது.
– வாசகி, காட்பாடி

பதில்: வேலூரில் பெரிய மருத்துவமனைகளின் நேர்காணல் அறைகளில் இது சகஜம். மனப்பாடம் எது, வார்டில் பழகியது எது என்று பார்ப்பதற்குத்தான் குறுக்கே கேட்கிறார்கள். அதனால் ‘நோய்கள்’ என்று கிளை பிரிக்காமல் ‘சந்தர்ப்பங்கள்’ என்று பிரியுங்கள்: ரத்தம் ஏற்றும்போது எதிர்வினை, தவறான மருந்து, கட்டிலிலிருந்து விழுந்த நோயாளி, திடீரென மூச்சுத்திணறல், கோபத்தோடு வரும் உறவினர்.

ஒவ்வொன்றிலும் முதல் சிறு கிளை ‘முதல் நிமிடம்’. ரத்தம் ஏற்றும்போது நடுக்கமும் காய்ச்சலும் வந்தால்: ஏற்றுவதை நிறுத்து, புது டியூப் செட் மாட்டி நார்மல் சலைனில் (உப்புநீர்) லைனைத் திறந்து வை, வைட்டல்ஸ் (நாடி, பி.பி., மூச்சு, காய்ச்சல்) பார், டாக்டருக்குச் சொல், நோயாளியின் அடையாளத்தையும் பையின் லேபிளையும் மறுபடி ஒத்துப்பார், பையையும் ரத்த மாதிரியையும் ரத்த வங்கிக்கு அனுப்பு, எழுதி வை. இதற்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். பிறகு ஒவ்வோர் எண்ணிலிருந்தும் ‘அப்படி ஆனால்?’ என்று ஒரு கோடு இழுங்கள். பி.பி. இறங்கினால், சிறுநீர் சிவந்தால், டாக்டர் போனை எடுக்காவிட்டால். கேட்பவர் எங்கே குறுக்கிட்டாலும் எந்த எண்ணில் நிறுத்தினோம் என்பது உங்களுக்குத் தெரியும். பதில் சொல்லிவிட்டு அந்த எண்ணுக்கே திரும்பலாம்.

அடிக்கடி தவறுவது நான்காம் எண்ணுக்குப் பிறகுதான். டாக்டரை அழைத்ததோடு வேலை முடிந்ததாக நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், நேர்காணல் ஆங்கிலத்தில். மேப்பை எந்த மொழியில் போடுவது?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: கிளைகளை எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அதில் போடுங்கள். கடைசி நுனியில் இருக்கும் தொழில்நுட்பச் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு முதன்மைக் கிளைக்கும் பதிலைத் தொடங்கும் முதல் வாக்கியம் ஒன்றை ஆங்கிலத்தில் தயார்செய்து, அதை மட்டும் வாய்க்குப் பழக்குங்கள். தடுமாற்றம் பெரும்பாலும் அந்த முதல் வாக்கியத்தில்தான் வருகிறது.

கேள்வி: கம்ப்யூட்டரில் போட்டால் என்ன? எக்ஸ்மைண்ட் என்ற மைண்ட் மேப் மென்பொருள் வைத்திருக்கிறேன்.
– வாசகர், ஆற்காடு

பதில்: போடலாம். திருத்துவது சுலபம். ஆனால் பார்க்காமல் திரும்ப வரைவதைக் கையால்தான் செய்ய வேண்டும். ஆன்லைன் நேர்காணல் என்றால் மேப்பை லேப்டாப்புக்குப் பின்சுவரில் ஒட்டிக்கொள்ளும் யோசனையை விட்டுவிடுங்கள். கண் மேலே போய் மேலே போய் வருவது எதிர்த்திரையில் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: படிப்பு முடிந்து மூன்று வருடம் வேலையில்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. இதை மேப்பில் எங்கே வைப்பது? இன்னொன்று: என் சாதிச் சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்றும் ஆதாரில் திருப்பத்தூர் மாவட்டம் என்றும் இருக்கிறது. அதுவும் கேட்பார்களா?
– வாசகி, திருப்பத்தூர்

பதில்: இடைவெளிக்குத் தனிக் கிளை கொடுங்கள், மூலையில் ஒளிக்காதீர்கள். மூன்று சிறு கிளைகள் போதும். ‘என்ன’ – ஒரே வரி, அப்பாவின் சிகிச்சை; நோயின் விவரம் வேண்டாம். ‘அப்போது’ – அந்த நாட்களில் கற்றது ஏதேனும் இருந்தால்: டைப்ரைட்டிங், டாலி, டியூஷன் எடுத்தது. ‘இப்போது’ – வேலைக்கு வரத் தடையில்லை என்பதற்கு ஒரு காரணம். மொத்தம் முப்பது நொடி. அதற்கு மேல் பேசினால் நீங்களே அதைப் பெரிதாக்குகிறீர்கள். ‘இப்போது’ கிளையிலிருந்து வேலை சம்பந்தமான ஏதாவதொரு பச்சைக் கிளைக்குக் கோடு இழுத்துவிடுங்கள். பேச்சு அங்கே போய்விடும்.

சான்றிதழ் விஷயம் மேப்பில் வேண்டாம், ஃபைல் பட்டியலில் இருக்கட்டும். 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. அதற்கு முன் வாங்கிய சான்றிதழில் வேலூர் என்று இருப்பது பிழையல்ல. கேட்டால் இந்த ஒரு வரி போதும்.

அதே காரணத்தால் முகவரியையும் ஒருமுறை பாருங்கள். மெயிலில் வேலூர் என்று போட்டுவிட்டு யூனிட் ராணிப்பேட்டை சிப்காட்டில் இருக்கும். ரயிலில் போவதென்றால் அதற்கு இறங்க வேண்டியது வாலாஜா ரோடு. வேலூர் நகருக்குக் காட்பாடி. பின்கோடை வைத்துச் சரிபார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.