முன்சீப் கேட்ட கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 27. எதையும் யோசிக்காமல் கைபேசி இழுத்த இழுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவன், சென்ற ஜனவரியில் எல்லாவற்றையும் மாற்றினேன். காலை 4.30க்கு எழுகிறேன். பச்சைத் தண்ணீர்க் குளியல், ஒரு மணி நேர நடை, தினமும் 50 பக்கம் வாசிப்பு, இரவில் நாட்குறிப்பு. ஒவ்வொன்றையும் செயலியில் குறித்துவைக்கிறேன். இந்த ஆண்டு 61 புத்தகங்கள் முடித்துவிட்டேன். ஆனால் ஒருநாள் தவறினால் ஒரு வாரம் எதுவும் நடப்பதில்லை. உள்ளே எதுவும் மாறியதாகவும் தோன்றவில்லை. என் அப்பா சென்னிமலையில் கைத்தறி நெய்கிறார். அவருக்கு யாரும் ஒழுங்கு சொல்லித்தரவில்லை. ஆனாலும் இந்தத் தடுமாற்றம் அவரிடம் இல்லை. நீங்கள் எத்தனை மணிக்கு எழுவீர்கள்? ஒழுங்கைக் குலையாமல் காப்பது எப்படி?

ம.,
திருப்பூர்

அன்புள்ள ம.,

நான் எழும் நேரத்தைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டால் குளியுங்கள், இல்லையென்றால் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். நடை நல்லது. என்னை நிறுத்தியது அந்த 61தான். சில வாரங்களாக, பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையரின் இளமைக்காலத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து விழுந்தது.

1880இல் அவருக்கு 25 வயது. உங்களைவிட இளையவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஆசிரியர் 1876இல் மறைந்த பிறகும் திருவாவடுதுறை மடத்தில் படிப்பை விடாதவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையும் அந்த ஆண்டுதான் கிடைத்திருந்தது. ஒழுங்குக்குக் குறைவில்லாத வாழ்க்கை. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அவர் பாடம் கேட்ட சிற்றிலக்கியங்களை அடுக்கினால் நீண்டுகொண்டே போகும்.

அந்த அக்டோபரில், முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, கும்பகோணத்துக்கு வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அடுக்கினார். முதலியாருக்கு முகம் மலரவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டார். பிறகு சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயர்களைச் சொன்னார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவர் தமிழ் கற்ற வட்டாரத்தில் அவை வழக்கத்திலேயே இல்லை.

முதலியார் சொன்னது முழுவதும் சரி என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கோவையும் கலம்பகமும் வீண் அல்ல. ஏடுகளில் சிதைந்து கிடந்த பாட்டின் சீரைச் சரிபார்க்க, அந்தப் பழைய யாப்புப் பயிற்சிதான் பின்னால் கைகொடுத்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கப்போகிறார்கள்? எல்லோரும் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். கெட்ட பழக்கத்தை வீட்டில் கண்டிப்பார்கள், ஊரில் பேசுவார்கள், கடைசியில் உடம்பே காட்டிக்கொடுக்கும். ஊர் மெச்சுகிற பழக்கத்தை நாம் ஒருநாளும் விசாரிப்பதில்லை. நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்: முதலில் விசாரிக்கவேண்டியது நம்முடைய நல்ல பழக்கங்களை.

முதலியாரிடமிருந்து வந்த சிந்தாமணிப் பிரதியைப் படித்தால் ஐயருக்குப் புரியவில்லை. இத்தனை ஆண்டு தமிழ் படித்தவருக்கு! அது சமணக் காப்பியம், சமண சமயச் செய்திகள் அவருக்குத் தெரியாது. நச்சினார்க்கினியர் உரை இருந்தது. அவரோ மேற்கோள் வரிகளைத் தருவார், எந்த நூல் என்று சொல்லமாட்டார். சைவ மடத்தில் படித்த அந்த பிராமண இளைஞர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் மாணவராக உட்கார்ந்து கேட்டார். ஊர் ஊராக ஏடு தேடினார். ஒரு பிரதியை இன்னொன்றோடு வரி வரியாக ஒப்பிட்டார். பகலில் கல்லூரி வேலையும் உண்டு. சிந்தாமணி அச்சில் வந்தது 1887இல். ஒரு நூலுக்கு ஏழு ஆண்டு. பிறகு பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. குறுந்தொகைப் பதிப்பு வந்த 1937இல் அவருக்கு வயது 82.

இப்போது உங்கள் 61க்கு வருகிறேன். கோபமாகவே சொல்கிறேன். கடிதத்தில் ஒரு புத்தகத்தின் பெயர்கூட இல்லை. எண்ணிக்கை இருக்கிறது, பக்கக் கணக்கு இருக்கிறது, மணி இருக்கிறது. 50 பக்கம் முடிக்கவேண்டும் என்பதற்காகக் கடினமான பக்கத்தை வேகமாகத் தாண்டியிருப்பீர்கள். தடித்த நூலைத் தள்ளிவைத்திருப்பீர்கள். பிடித்த இடத்துக்குத் திரும்பிப்போக நேரம் கொடுத்திருக்க மாட்டீர்கள். ஒரே பாட்டில் நான்கு நாள் நின்றால் உங்கள் செயலி அதைத் தோல்வி என்று காட்டும். ஐயரின் 1881, 1882 எல்லாம் அந்தக் கணக்கில் தோல்விதான். யோசிக்காமல் கைபேசி பார்ப்பதை விட்டுவிட்டு யோசிக்காமல் பக்கம் புரட்டுகிறீர்கள். இதற்கு எதற்கு 4.30?

ஒருநாள் தவறினால் வாரம் முழுவதும் போய்விடுகிறது என்கிறீர்களே, அதற்கும் காரணம் இதுதான். ஒரு வேலையில் இறங்கியவனுக்கு விட்ட இடம் என்று ஒன்று உண்டு. காய்ச்சலில் நான்கு நாள் கிடந்தாலும் ஐந்தாம் நாள் அதே பாட்டு, அதே ஐயம் அவனுக்காக அங்கேயே இருக்கும். உங்கள் செயலியில் விட்ட இடம் என்று எதுவும் இல்லை. வரிசை அறுந்தது, அறுபடவில்லை, அவ்வளவுதான். அறுந்த பிறகு எதற்குத் திரும்பிப் போவீர்கள்? உங்களிடம் மன உறுதி இல்லை என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். ஏற்றுமதி வேலையின் நெருக்கடியில், இருட்டில் எழுந்து ஓர் ஆண்டை ஓட்டியிருக்கிறீர்கள். அது சாதாரணம் அல்ல. அவ்வளவு உறுதியையும் கொண்டுபோய் ஒரு பட்டியலுக்குக் கொடுத்திருக்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நாட்குறிப்பை ஒரு மாதம் நிறுத்துங்கள். எழுத ஏதாவது சேரட்டும்.

அப்பாவைப் பற்றி எழுதியதை நான் விடப்போவதில்லை. அவரிடம் தடுமாற்றம் இல்லை என்று வியக்கிறீர்கள், அங்கேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள். தறியில் பாவு, அதாவது நெடுக்கு இழைகள், ஏற்றியிருக்கும்போது எத்தனை மணிக்கு எழலாம் என்று அவர் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. அவர் செய்வது முழுவதும் உங்களுக்குத் தெரியுமா? தார் சுற்றுவது யார், அச்சில் இழை எப்படி ஏறுகிறது, இழை அறுந்ததை ஓட்டத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார், இந்த நெசவை யாரிடம் கற்றார், கூலி எப்படிக் கணக்கிடுகிறார்கள்? துணி விற்கும் தொழிலில் இருக்கிறீர்கள். அதை நெய்கிறவரின் மகன் நீங்கள். 61 புத்தகத்தில் எதிலும் இது இருந்திருக்காது.

பழைய பாவு முடிந்து புதுப்பாவை இழை இழையாகப் பிணைக்கிற நாளில் ஊருக்குப் போங்கள். அன்று அவருக்குப் பேச நேரம் இருக்காது, தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டிருங்கள். கேள்விகளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொள்ளலாம்.