செம்பருத்தி கரைகிறது, சங்குப்பூ ஊதாவாகிறது

கேள்வி: செம்பருத்தியைப் படம் எடுத்தால் இதழின் நரம்புகூடத் தெரியாமல் சாயத்தைக் கொட்டியதுபோல வருகிறது. சங்குப்பூவின் நீலமோ ஊதாவாகிவிடுகிறது. வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில்தான் இருக்கிறது. வேறு கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டும் வேறு வேறு கோளாறுகள். சிவப்பை முழுதாகச் சரிசெய்யலாம், நீலத்தை ஓரளவுதான்.

கேமராவின் மீட்டர் இலை, நிழல், பூ எல்லாவற்றையும் சேர்த்தே வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. கணக்கு சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். இதழ் முழுக்க 255-இல் போய் நின்றால் நரம்பைக் காட்ட எதுவும் மிஞ்சாது. எனவே படத்தின் வெளிச்ச அளவுகளை மேடாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்படி வையுங்கள். பல கேமராக்கள் முதலில் காட்டுவது ஒற்றை வெள்ளை மேடு. அதில் பச்சைக்கே எடை அதிகம் என்பதால் சிவப்பு வழிவது தெரியாது. அதை ஏன் முதலில் காட்டுகிறார்களோ, தயாரிப்பாளர்களைத்தான் கேட்க வேண்டும்.

சிவப்பு மேடு வலது ஓரத்தில் முட்டினால் மீட்டரின் கணக்கைவிடப் படத்தை வெளிச்சமாகவோ இருட்டாகவோ ஆக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −0.7க்கு இறக்குங்கள்; போதாவிட்டால் −1, இன்னும் தேவையென்றால் −1.3. நிறத்தின் அழுத்தத்தை மாற்றும் பிக்சர் ஸ்டைல் 'விவிட்'டில் இருந்தால் 'நியூட்ரல்' ஆக்குங்கள். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் வைத்திருக்கும் கோப்பு) எடுத்தாலும் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் பெரும்பாலும் ஜேபெக்கை வைத்தே போடப்படுகிறது.

சட்டகம் முழுக்க ஒரே நிறம் நிறைந்தால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் குழம்பும். பூவின் மேல் விழும் அதே வெளிச்சத்தில் சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வையுங்கள். அச்சுத் தாளை அட்டையாகப் பிடிக்காதீர்கள். வெண்மைக்காக அதில் சேர்க்கும் ரசாயனம் புறஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும். படம் மஞ்சள் பக்கம் சாய்ந்துவிடும்.

'இயற்கை நிறம்' என்று விற்கும் ப்ரீசெட் (படத்தைத் திருத்தும் செயலிக்கான தயார் அமைப்பு) தொகுப்புகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். அது யாரோ ஒருவர் தன் படத்துக்குத் தள்ளி வைத்த ஸ்லைடர்களின் நகல். உங்கள் பூவின் மேல் என்ன வெளிச்சம் விழுந்தது என்று அதற்குத் தெரியாது. வழிந்துபோன சிவப்பை அது மீட்டுத் தரவும் தராது. விற்பவருக்கு இது நன்றாகவே தெரியும்.

இனி நீலம். மேலே சொன்ன எல்லாம் செய்தும் சங்குப்பூ ஊதாவாகவே வரலாம். நீல இதழ்கள் பல, நீலத்தோடு அடர்சிவப்பின் கடைசி விளிம்பையும் அகச்சிவப்பையும் சேர்த்தே திருப்பி அனுப்புகின்றன. சுமார் 680 நானோமீட்டருக்கு மேல் நம் கண்ணுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. சென்சாருக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம் சிவப்பு நீலத்தோடு கலந்தால் ஊதா. பிலிம் காலத்திலேயே இதற்கு ஒரு பூவின் பெயரால் ஏஜரேட்டம் விளைவு என்று பெயர். சென்சாரின் முன்னே அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி உண்டு. ஆனால் அது எங்கே தடுக்கத் தொடங்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். விளம்பரத் தாளில் மெகாபிக்சலைப் பெரிதாகப் போடுபவர்கள் இதைப் போடுவதில்லை.

ஒயிட் பேலன்ஸை நகர்த்தி இதைச் சரிசெய்யப் போனால் பூ நீலமாகும், கூடவே இலையும் பின்னணியும் கெடும். மாலை வெயிலிலும் குண்டு பல்பு வெளிச்சத்திலும் எடுக்காதீர்கள், இரண்டிலும் சிவப்பு அதிகம். வானம் திறந்திருக்கும் நிழலில் எடுங்கள், ஆனால் மரத்தடி வேண்டாம். பிறகு ரா கோப்பில் ஊதாவின் ஹியூ (நிறச் சாயல்) ஸ்லைடரை மட்டும் நீலப் பக்கம் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். 24 கட்ட நிற அட்டையைப் படமெடுத்து, அதன் நிறங்களைக் கொண்டு கேமராவின் நிறத்தைத் திருத்தும் ப்ரொஃபைல் செய்தாலும் பாதிதான் சரியாகும், ஏனென்றால் அட்டையின் சாயம் இதழைப்போல அகச்சிவப்பை அனுப்புவதில்லை.

ஸ்லைடரைத் தள்ளும்போது பூவைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். திரையை மஞ்சளாக்கும் நைட் மோடு அணைந்திருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.