பைபிளில் நரகம் முதலிலிருந்தே உண்டா, மொழிபெயர்ப்பில் வந்ததா?

சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் எனக்கும் இதே சந்தேகம் வந்தது. ஆதியாகமம் 37:35. யோசேப்பு செத்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, "நான் துக்கத்தோடே என் குமாரனிடத்தில் பாதாளத்தில் இறங்குவேன்" என்கிறார். பாதாளமும் நரகமும் ஒன்றுதான் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அப்படியானால் யாக்கோபு ஏன் அங்கே போக வேண்டும்? சின்னப் பையன் யோசேப்பு என்ன பாவம் செய்தான்? பல வருடம் அந்த வரி மனதை உறுத்தியது.

எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் ஷியோல். நல்லவர், கெட்டவர் எல்லாரும் செத்தபின் போய்ச் சேரும் இருட்டான, சத்தமில்லாத இடம். நெருப்புக் கடல் எதுவும் அங்கே இல்லை. மகன் போன இடத்துக்கே நானும் போகிறேன் என்று ஒரு தகப்பன் அழுகிறார், அவ்வளவுதான். கிரேக்கத்தில் இதை ஹேடீஸ் என்று பெயர்த்தார்கள்.

இயேசு நெருப்பைச் சொல்லி எச்சரிக்கும்போது வருவது வேறு சொல்: கெஹென்னா. அது எருசலேமை ஒட்டி இன்றும் இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்கு. பெற்ற பிள்ளைகளையே அங்கே தீயில் பலியிட்டதை எரேமியா 7:31 கண்டிக்கிறது. கேட்டவர்களுக்கு அந்தப் பெயரே நடுக்கம் தந்திருக்கும். (அங்கே எப்போதும் குப்பை எரிந்துகொண்டிருந்தது என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். அது கி.பி. 1200 வாக்கில் தாவீது கிம்ஹி என்ற யூத அறிஞர் எழுதியது. அகழாய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.) அப்புறம் 2 பேதுரு 2:4-இல் மட்டும் டார்டரஸ் வருகிறது; கிரேக்கப் புராணத்தில் தண்டனைக்கான ஆழ்குழி அது.

1611-இன் கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள் இவை எல்லாவற்றுக்கும் 'ஹெல்' என்ற ஒரே சொல்லைப் போட்டது. அதிலும் ஒழுங்கில்லை: ஷியோல் வரும் 65 இடங்களில் 31 இடம் ஹெல், 31 இடம் கல்லறை, 3 இடம் குழி.

நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதைவிடக் கவனமானது என்பேன். ஷியோலுக்கும் ஹேடீஸுக்கும் பெரும்பாலும் பாதாளம், கெஹென்னாவுக்கு நரகம். நம் புராணங்களிலும் பாதாளம் நாகர்கள் வாழும் கீழுலகம்தான், தண்டனைக்கூடம் இல்லை. ஆனாலும் சங்கீதம் 9:17-இல் சறுக்கல் இருக்கிறது. "துன்மார்க்கரும், தேவனை மறக்கிற எல்லா ஜாதிகளும், நரகத்திலே தள்ளப்படுவார்கள்" என்று படிக்கிறோம். எபிரெயத்தில் அங்கே இருப்பது யாக்கோபு சொன்ன அதே ஷியோல்.