யாழ்ப்பாண நகரின் நெரிசலான வீதிகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை அமைக்க முடியுமா?

ஆஸ்பத்திரி வீதி போன்ற இடத்தில் இது சாத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாத்தியம்தான், ஆனால் வெறும் வர்ணக்கோடு போதாது, ஏனெனில் கோட்டுக்குள் ஓர் ஓட்டோ நிறுத்தப்பட்டவுடனேயே சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால் விலக வேண்டியதாகிறது. வாகனங்கள் நிறுத்தப்படும் ஓரத்தில் ஒரு பக்கத்தை எடுத்துக் கல்வரம்பு கட்டிப் பிரித்தால், ஏறத்தாழ 2 மீற்றர் அகலப் பாதை கிடைக்கும்.

பாதசாரிக் கடவையே இதைவிட அவசரமானது என்பது என் கருத்து. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனத்தின் இயக்க ஆற்றல், அதே வாகனம் 30 கிலோமீற்றரில் வரும்போது இருப்பதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. ஆகவே கடவையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, அதற்கு முன்னால் சில மீற்றருக்கு வாகனம் நிறுத்தத் தடை விதித்தால், சாரதி வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். லொறி எதுவும் மறைக்காததால், வீதியில் காலடி வைக்கும் முதியவரையும் முன்கூட்டியே காண்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் தேங்காதபடி, வடிகாலை மறிக்காமல் இவற்றைக் கட்ட வேண்டும்.